நீலத் திரையில் பத்து விநாடி

"பாஸ்வேர்டு பொருந்தவில்லை" என்று லேப்டாப் மூன்றாவது முறையாகச் சொன்னபோது வெள்ளிக்கிழமை காலை மணி பத்தேகால். நீலத் திரை, நடுவில் வெள்ளை எழுத்தில் ஒற்றை ஆங்கில வரி. செல்வமேரி திட்டவும் இல்லை, அழவும் இல்லை. கட்டிலில் வலது காலை நீட்டி, மடியில் தலையணையும் தலையணைமேல் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தவள், சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான்கு மணிக்கு இன்னும் ஐந்தே முக்கால் மணி நேரம் இருந்தது.

அன்று மாலை நான்கு மணிக்குள் அந்த லேப்டாப், அவளுடைய கம்பெனி வைத்திருக்கும் சோதனையில் தேற வேண்டும். தேறினால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். தேறவில்லை என்றால் வேலை போயிற்று. எட்டு மாதமாகக் கட்டிலும் வாக்கருமாகக் கிடக்கிறவளுக்கு, பதினேழு படி இறங்கி, இரண்டு பஸ் மாறி, கேளம்பாக்கம் வரை போய்ப் பார்க்கிற வேலை இனிமேல் கிடையாது. வீட்டிலிருந்து பார்க்கிற இந்த ஒன்றும் கைவிட்டுப் போனால் வேறு எதுவும் இல்லை.

செல்வமேரிக்கு முப்பத்தேழு வயது. இரும்புலியூரிலேயே பிறந்தவள். அவளுடைய அப்பா, இந்தப் பக்கம் புதிது புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளுக்கெல்லாம் காம்பவுண்டு சுவர் கட்டினார். கட்டி முடித்த பிறகு அந்தச் சுவருக்கு உள்ளே போக வாட்ச்மேனிடம் காரணம் சொல்ல வேண்டியிருந்தவர். மகள் அப்படி வெளியே நிற்கக் கூடாது என்று பிளஸ் டூ முடித்த கையோடு மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் பாஸ் பண்ணினாள். அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு: விசையைப் பார்க்காதே, அடித்த தாளையும் பார்க்காதே, எதிரே வைத்திருக்கும் மூலத்தை மட்டும் பார். அந்தப் பழக்கம் அவள் விரல்களில் ரத்தமாக ஓடியது. வினாத்தாள் அடித்தாள், பேட்டிகளைக் கேட்டுக் கேட்டு அடித்தாள், துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பில் அடித்தாள். நான்கு வருடத்துக்கு முன்புதான் கேளம்பாக்கத்தில் இந்த வேலை கிடைத்தது.

வேலை இதுதான். ஏதோ வெளிநாட்டுத் தெருவில் ஒரு கார், தலையில் லேசர் கருவியைச் சுமந்துகொண்டு ஓடும். அந்தக் கருவி தெருவை லட்சக்கணக்கான புள்ளிகளாகப் படம் பிடிக்கும். இருட்டுத் திரையில் மணலைத் தூவியதுபோலப் புள்ளிகள். அதைச் சுழற்றி, சாய்த்து, நெருங்கிப் பார்த்து, இது மரம், இது சைக்கிள், இது தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிற பெண் என்று ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பெட்டி போட வேண்டும். நாளைக்கு ஆளே ஓட்டாமல் ஓடப்போகிற கார்கள் மனிதர்மேல் ஏறிவிடாமல் இருக்கக் கற்றுக்கொள்வது இப்படித்தான். கற்றுக்கொடுக்கிறவர்கள் செல்வமேரி போன்றவர்கள்.

அவள்மேல் ஏறியது ஆள் ஓட்டிய கார். பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம், பெருங்களத்தூரில், கூட்டம் நெரிகிறது என்று பஸ்ஸை நடு ரோட்டிலேயே நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஒரு வெள்ளைக் கார் நுழைந்தது. இதை விபத்து என்று எழுதினார்கள். எல்லாருக்கும் தெரிந்து தினமும் நடக்கிற ஒன்றுக்கு விபத்து என்று எப்படிப் பெயர் வைக்கிறார்களோ! விழுந்து கிடந்தபடியே காரின் பின்பக்கம் நான்கு எண்களை அவள் பார்த்தாள். ஏழு, இரண்டு, ஒன்பது, ஒன்று. ஆஸ்பத்திரிக்கு வந்து எழுதிக்கொண்ட போலீஸ்காரர் பேனாவை மூடியபடி, "நாலு நம்பர மட்டும் வெச்சிகினு இன்னாமா பண்றது? முன்னாடி இன்னா எழுத்து?" என்றார். தொடை எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். ஆபீஸ் நேரம் முடிந்து நடந்தது என்பதால் கம்பெனிக்கு அதில் பொறுப்பில்லை என்று ஒரு மெயில் வந்தது. பிறகு போன மாதம் இன்னொரு மெயில்: வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பினால் செய்யலாம், லேப்டாப் உங்களுடையதாக இருக்க வேண்டும், அது எங்கள் சோதனையில் தேற வேண்டும்.

சொந்த லேப்டாப் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. தாம்பரத்தில் பழைய லேப்டாப் விற்கும் குமரேசனிடம் வாங்கியது. முன்பு ஏதோ பெரிய கம்பெனியில் இருந்து கழித்துவிடப்பட்டது. அதில் இருந்த விண்டோஸ் திருட்டு நகல் என்று கம்பெனியின் சோதனை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்து வெளியே தள்ளியது. "எல்லாரும் அதத்தான் வெச்சிகினு கீறாங்க, உனக்கு மட்டும் இன்னாக்கா பேஜாரு?" என்றான் குமரேசன். அதனால்தான் லினக்ஸ். யாருக்கும் காசு கொடுக்க வேண்டாத, யாரையும் ஏமாற்ற வேண்டாத சிஸ்டம்; உலகம் முழுக்க முகம் தெரியாத ஆட்கள் உட்கார்ந்து எழுதி, எடுத்துக்கொள் என்று வைத்துவிட்டுப் போனது. செல்வமேரி அதைத் தானே படித்துத் தானே போட்டாள். மெனுவிலிருந்து கீபோர்டுவரை எல்லாவற்றையும் தமிழில் வைத்தாள். பாஸ்வேர்டுகூடத் தமிழில்: "ஓவியா". ஆறாவது படிக்கும் மகளின் பெயர். எந்தத் திருடனுக்கும் வராத மொழியில் பூட்டுப் போட்டிருக்கிறோம் என்று அம்மாவும் மகளும் அன்றைக்குச் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் சிரிப்பு நின்றுபோனது. லேப்டாப்புக்குள் படம் வரைய இரண்டு சிலிக்கான் சில்லுகள் இருந்தன. சின்னது ஒன்று, பெரியது ஒன்று. சின்னச் சில்லு லினக்ஸோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அதை வைத்து அந்தப் புள்ளித் தெருவைச் சுழற்றினால் விநாடிக்கு ஆறு படம்தான் வந்தது. நொண்டி நொண்டி நகர்ந்தது. சோதனை கேட்டது முப்பது. பெரிய சில்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதை எழுப்பி வேலை வாங்க ஒரு டிரைவர் வேண்டும், அதாவது சிஸ்டம் சொல்வதைச் சில்லுக்குப் புரிகிற மாதிரி சொல்லும் மென்பொருள். சில்லைச் செய்தவர்கள் அது உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை முழுக்க வெளியே சொல்வதில்லை. காசு கொடுத்து வாங்கியவளுக்கும் சொல்வதில்லை. பொருள் உன்னுடையது, ரகசியம் எங்களுடையது. இந்த நியாயத்தை யார் எழுதினார்களோ, அவர்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்க இன்னொருவனிடம் அனுமதி கேட்டுப் பார்க்கட்டும்.

சரி, அவர்களே மூடிக் கொடுக்கிற டிரைவரைத்தான் போட்டுக்கொள்வோம் என்றால், அதற்கும் ஒரு காவல். லேப்டாப் கண் விழிக்கும்போதே, கையெழுத்து இல்லாத எதையும் உள்ளே விடாத ஒரு பூட்டு. புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது இதைத் தன் புருஷன் துரைராஜுக்கு அவள் விளக்கினாள். அவன் தண்ணி லாரி ஓட்டுகிறவன்.

"செக்போஸ்ட் மாதிரின்னு சொல்லு" என்றான் அவன். "டிரைவரு வரான், பேப்பர் இல்ல, ஓரங்கட்றான்."

"ஆமா. நானே போய் நின்னு, இவன் என் ஆளுதான், உள்ள வுடுன்னு சொல்லணும்."

"எனக்கு ஒரு தடவ அப்படி வந்து நின்னியா நீ?" என்று அவன் சோற்றைப் பிசைந்தான். "நாப்பது மாசமா லைசென்ஸ் ரினிவல் பண்ணாம ஓட்டிகினு கீறேன். இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறவனுக்குக் கீற மரியாத எனக்கு இல்ல."

அப்படிப் போய் நிற்கிற இடம்தான் நீலத் திரை. டிரைவரைப் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அவள் இதற்கும் மகள் பெயரையே வைத்தாள். லேப்டாப்பை அணைத்துத் திறந்தால் நீலத் திரை வரும். பத்து விநாடி மட்டும் நிற்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி உள்ளே போய், அதே பாஸ்வேர்டைச் சொன்னால் பூட்டு திறக்கும். மூன்று முறை தப்பாகச் சொன்னால் கதவை மூடிவிட்டுப் போய்விடும்; மறுபடி டிரைவரைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி பாஸ்வேர்டு வைத்து, முதலிலிருந்து வர வேண்டும். ஒரு சுற்றுக்கு அரைமணி நேரம். வியாழக்கிழமை முழுக்க நான்கு சுற்று. வெள்ளிக்கிழமை காலையில் இது முதல் சுற்று. ஒவ்வொரு முறையும் அவள் விரல்கள் அதே விசைகளைத்தான் தட்டின. ஒவ்வொரு முறையும் பொருந்தவில்லை.

குமரேசனுக்குப் போன் செய்தாள்.

"குமரேசா, அந்தப் பூட்டையே எடுத்துட முடியாதா? லேப்டாப் தொறக்கசொல்ல மொதல்ல ஓடுற பயாஸ்னு ஒண்ணு கீதாம், அதுல போய் அணைச்சிடலாம்னு போட்டுருக்கான்."

"பண்லாம்க்கா. ஆனா பயாஸுக்குப் பாஸ்வேர்டு கீதே."

"யாரு போட்டது?"

"மொதல்ல வெச்சிருந்த கம்பெனிக்காரன் போட்டது. அவன் குப்பைனு தூக்கிப் போட்டான், சாவிய மட்டும் கையோட எடுத்துகினு பூட்டான். நா இன்னாக்கா பண்ணட்டும்? நா வேற விண்டோஸ் போட்டுத் தரேன், காசு கட்டாம ஓட்ற கிராக்கு கீது, ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்."

"போன மாசமும் இதத்தான் சொன்ன."

"அது பழைய கிராக்குக்கா. இது புச்சு."

போனை வைத்துவிட்டாள். உடனே அது அடித்தது, அவளுடைய அம்மா. "மேரி, நா காலைல இருந்து உனக்காக முழங்கால்ல நிக்கிறேன். நீ ஒரு நிமிசம் கண்ண மூடி ஜெபம் பண்ணு, எல்லாம் தானா தொறக்கும்." "அம்மா, முழங்கால் வலி வந்துடும், எழுந்து உக்காரு" என்று சொல்லி வைத்தாள். எட்டு மாதத்துக்கு முன்பும் அம்மா முழங்காலில்தான் நின்றாள். எலும்பைச் சேர்த்தது கம்பியும், கம்பியை வைக்கக் கற்றுக்கொண்ட டாக்டரும். இதை அம்மாவிடம் சொன்னால் மனது புண்படும் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் புண்படுகிற மனதுகளுக்காக எவ்வளவு காலம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நினைத்தாள். ஆனால் இன்றைக்கு அந்தச் சண்டைக்கு நேரமில்லை.

அடுத்த சுற்று. டிரைவரைக் கழற்றினாள், போட்டாள், பாஸ்வேர்டு வைத்தாள், அணைத்துத் திறந்தாள். பதினொன்றே முக்கால். திரை கறுத்தது. நீலம் வரப்போகிறது என்று விரலைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தபோது, படியேறி வந்து நிலைப்படியில் நின்றார் வீட்டுச் சொந்தக்காரர் துளசிங்கம். இந்தத் தெருவில் பாதி ஒரு காலத்தில் அவர் குடும்பத்தின் நெல்வயல். இப்போது ஆறு வாடகைப் போர்ஷன். வெள்ளிக்கிழமையானால் நெற்றி முழுக்கக் குங்குமம்.

"இன்னா மேரி, மூணு நாளா கம்ப்யூட்டர மொறைச்சிகினே கீற?"

"அண்ணா, ஒரு நிமிசம்..."

"உன் வூட்டுக்காரரு சொன்னாரு, மிசினு மக்கர் பண்ணுதாமே. பூச போட்டியா? வாங்கனதுல இருந்து ஒரு சூடம் காட்டிருப்பியா? நீங்க அதெல்லாம் செய்ய மாட்டீங்க, சரி. அதுக்காக நா பாத்துகினு சும்மா இருக்க முடியுமா? எவன் கண்ணு பட்டுதோ." மடியிலிருந்து குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, குனிந்து, லேப்டாப்பின் விசைகளுக்கு நடுவிலேயே பக்தியோடு வைத்தார்.

"அண்ணா, கைய எடு! எடுண்ணா!"

அவர் பதறிக் கையை எடுத்தார். பழம் உருண்டது. அவள் தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்த பழத்தைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பத்து விநாடி முடிந்து, நீலம் போய், லினக்ஸ் சாவதானமாகத் திறந்துகொண்டிருந்தது. அரைமணி நேர வேலை மண்ணாகிப் போனது.

"பாத்தியா, பழத்த வெச்சதும் ஓடுது!" என்றார் துளசிங்கம்.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை; அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஓவியாவுக்கு மூன்று வாரம் சோறு போட்டவர். நல்ல மனிதர்களைக் கையில் எலுமிச்சம்பழத்தோடு அலையவிட்டிருக்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். செல்வமேரி பழத்தை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். அவர் திருப்தியோடு இறங்கிப் போனார்.

மறுபடி ஒரு சுற்று. பன்னிரண்டரைக்கு நீலத் திரை. இந்த முறை ஒவ்வொரு விசையாக, மெதுவாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி அடித்தாள். பொருந்தவில்லை. மறுபடி. பொருந்தவில்லை. கடைசி முறை. பொருந்தவில்லை.

அப்போதுதான் அவளுக்கு முதல்முறையாகத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. என் விரலே எனக்குப் பொய் சொல்கிறதா? கீழே விழுந்தபோது தலையும் அடிபட்டதே, அதில் ஏதாவது ஆகிவிட்டதா? ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள் பார்த்தார்களா? மகளின் பெயரைச் சரியாக அடிக்கத் தெரியாதவளாக ஆகிவிட்டேனா?

ஒன்றேகாலுக்குத் தன் டீம் லீடர் நிகிலைக் கூப்பிட்டாள். அவளைவிடப் பத்து வயது சின்னவன். மரியாதையாகப் பேசுவான்.

"நிகில், திங்கட்கிழமை வரைக்கும் டயம் குடுங்க. நான் பாதி தூரம் வந்துட்டேன்."

"மேடம், ஐ அண்டர்ஸ்டாண்ட் மேடம். பட் என் கையில எதுவும் இல்ல. நாலு மணிக்கு லிங்க் ஆட்டோமேட்டிக்கா க்ளோஸ் ஆயிடும்."

"அப்படி செட் பண்ணது யாரு?"

"சிஸ்டம் மேடம்."

"சிஸ்டத்துக்கு யாரு சொன்னா?"

"பாலிசி மேடம்."

"பாலிசிய எழுதினவருக்குப் போன் இருக்கும்ல?"

"மேடம், நீங்க வேணும்னா ஒரு மெயில் போடுங்க. நான் ஃபார்வர்டு பண்றேன். ஆனா நாலு மணிக்குள்ள படிப்பாங்களான்னு தெரியாது."

முன்பெல்லாம் ஒருவனை வேலையைவிட்டு அனுப்ப வேண்டுமென்றால் ஒருவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து நாலு கேள்வி கேட்கலாம். முடிந்தால் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கலாம். இப்போது தவறு செய்கிறவன் என்று யாருமே இல்லை. சிஸ்டம், பாலிசி, ஆட்டோமேட்டிக். கூண்டில் ஏற்ற ஆளில்லாத குற்றங்களாகப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

மணி இரண்டு ஆனது. சாப்பிடவில்லை. வலது தொடையில் கம்பி இருக்கிற இடம் விண்விண்ணென்று தெறித்தது. வாக்கரைப் பிடித்துப் பாத்ரூம் போய்விட்டு வந்தபோது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். அப்பா காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்றபோது இருந்த முகம். போதும் என்று தோன்றியது. கெஞ்சிவிடலாம். மனிதர் இரங்குவார் என்றால் கெஞ்சுவதில் என்ன?

ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் ஆங்கிலத்தில் கையால் எழுதிப் பார்த்தாள். மதிப்பிற்குரிய ஐயா. நான் நான்கு வருடமாக உங்களிடம் வேலை செய்கிறேன். ஒரு தவறுகூடச் செய்ததில்லை. என் உடல்நிலை காரணமாகத் தயவுகூர்ந்து. தயவுகூர்ந்து என்பதை மூன்று இடத்தில் எழுதியிருந்தாள். இரண்டை அடித்தாள். பிறகு ஒன்றைத் திரும்ப எழுதினாள். எழுதி முடித்தபோது மணி இரண்டே முக்கால். லேப்டாப்பை அணைத்துத் திறந்து, மெயிலைத் திறந்து, சீட்டைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டு அடித்தாள். இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தபடி, விசையைப் பார்க்காமல், திரையைப் பார்க்காமல், மூலத்தை மட்டும் பார்த்து, கடகடவென்று, நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை வேகத்தில், தன் மானத்தை ஒரு பக்கமாக அடித்து முடித்தாள்.

நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

ஆங்கிலம் இல்லை. ஒரு பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்துகள். உயிரும் மெய்யும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. ஒரு சொல் இல்லை. கீபோர்டைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்திருந்தாள். அவள் சிஸ்டத்தில் லேப்டாப் திறந்தாலே தமிழ்தான் முதலில் வரும். அப்படித்தானே அவளே வைத்திருந்தாள்.

இன்ஸ்டிடியூட்டில் ஒரு முறை இது நடந்திருக்கிறது. அவசரத்தில் தமிழ் மிஷினில் உட்கார்ந்து ஆங்கிலப் பாடம் முழுவதையும் அடித்து முடித்து, அவள் தாளை உருவிப் பார்த்தபோது மொத்த வகுப்பும் சிரித்தது. விரல் சரி. மிஷின் வேறு.

விரல் சரி. மிஷின் வேறு.

செல்வமேரிக்கு உடம்பு சிலிர்த்தது. டிரைவரைப் போடும்போது அவள் பாஸ்வேர்டை அடித்தது லினக்ஸுக்குள். அங்கே கீபோர்டு தமிழ். உள்ளே போனது "ஓவியா". நீலத் திரை வருவது லினக்ஸ் விழிப்பதற்கு முன்னால். அங்கே தமிழ் ஏது? உலகத்தின் வேறு எந்த மொழியும் ஏது? அந்தக் காவலாளிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து மட்டும். அதே விசைகளைத் தட்டினால் அவன் காதில் விழுவது எக்ஸில் தொடங்கும் ஒரு குப்பை. திரையிலோ எழுத்து தெரியாது. அவன் "தப்பு" என்றான், ஏன் தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாளாக, ஏழு சுற்றாக, அவள் தன் மூளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். தப்பு மூளையில் இல்லை. பூட்டைச் செய்தவனுக்கு, இன்னொரு மொழிக்காரி தன் மொழியில் சாவி செய்வாள் என்ற நினைப்பே இருந்ததில்லை.

மணி மூன்று அடிக்க இரண்டு நிமிடம். இன்னும் ஒரே ஒரு சுற்றுக்குத்தான் நேரம்.

டிரைவரைக் கழற்றினாள். போட்டாள். அந்தக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது, பாதியில் நின்றது, அவள் மூச்சும் நின்றது, மறுபடி ஊர்ந்தது. மூன்று இருபதுக்குப் பாஸ்வேர்டு கேட்டது. எண்கள் என்றால் தமிழ்க் கீபோர்டிலும் ஆங்கிலக் கீபோர்டிலும் ஒரே இடம், ஒரே எழுத்து. எண்களாக வைத்தால் எட்டாவது வேண்டும். எந்த எட்டு? யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. ஏழு, இரண்டு, ஒன்பது, ஒன்று. ஏழு, இரண்டு, ஒன்பது, ஒன்று. யாரும் எழுதிக்கொள்ளாத அந்த எண்களை இரண்டு முறை அடித்தாள்.

அணைத்துத் திறந்தாள். எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட நேரமில்லை. வாக்கரை எட்டி வாசலுக்குக் குறுக்கே தள்ளிவிட்டாள். யார் வந்தாலும் இடறட்டும். நீலம் வந்தது. பத்து. ஒன்பது. விசையைத் தட்டினாள். உள்ளே போனாள். எட்டு எண்களையும் அடித்தாள். திரை ஒரு கணம் யோசித்தது.

பொருந்தவில்லை என்று சொல்லவில்லை. "டிரைவரைச் சேர்க்கவா?" என்று கேட்டது.

சேர் என்றாள்.

அப்புறம் வந்த கறுப்புதான் மிக நீளமான கறுப்பு. மூன்று முப்பது. திரையில் ஒன்றும் இல்லை. மூன்று முப்பத்திரண்டு. ஒன்றும் இல்லை. ஆகாயத்தில் ஒரு பயிற்சி விமானம் வட்டமடித்துவிட்டுப் போனது. மூன்று முப்பத்துநான்கு. எல்லாம் சரியாகச் செய்தும் லேப்டாப் செத்துப்போவதுண்டு என்று அவளுக்குத் தெரியும், படித்திருக்கிறாள், உலகம் முழுக்க ஆட்கள் இந்தக் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்து புலம்பி எழுதிய பக்கங்கள் ஆயிரம் கிடக்கின்றன. அணைக்கலாமா? அணைத்தால் கெட்டுவிட்டால்? அணைக்காமல் நேரம் போய்விட்டால்? விரல் அணைக்கும் விசையின்மேல் போய் நின்றது.

லேப்டாப்பின் விலாவிலிருந்து உஸ்ஸென்று காற்று வந்தது. இதுவரை ஒரு நாளும் கேட்டிராத சத்தம். பெரிய சில்லின் விசிறி. திரை வெளுத்தது. மூன்று முப்பத்தெட்டு.

சோதனைப் பக்கத்தைத் திறந்தாள். இருட்டில் புள்ளிகள் கொட்டின. ஒரு தெரு, மரங்கள், ஒரு நாய், நாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர். சுழற்றினாள். தண்ணீரில் சுற்றுகிற மாதிரி சுழன்றது. மூலையில் எண்: விநாடிக்கு ஐம்பத்தெட்டு. அவள் ஒவ்வொருவரையும் சுற்றிப் பெட்டி போட்டாள். பதினோரு மனிதர், நான்கு சைக்கிள், ஒரு தள்ளுவண்டி. சாலை ஓரத்தில் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்குகிறார். பாதி உடம்பு பஸ்ஸுக்குள், பாதி வெளியே. அவரை விட்டுவிடாமல் நுணுக்கமாகப் போட்டாள். மூன்று ஐம்பத்து மூன்றுக்குப் பச்சை எழுத்தில் "தேர்ச்சி" என்று வந்தது.

அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், மூக்கு ஒழுக, இரண்டு நிமிடம்.

நிகில்தான் முதலில் கூப்பிட்டான். "சூப்பர் மேடம்! இங்க கிரீன் காட்டுது. நா சொன்னேன்ல, சிஸ்டம் ஃபேரா இருக்கும்னு. ஒரே ஒரு விஷயம் மேடம், மாசாமாசம் ஒண்ணாம் தேதி இந்த டெஸ்ட் இருக்கும். அப்டேட் பண்ணா மறுபடியும் டெஸ்ட்."

"மாசாமாசமா?"

"பாலிசி மேடம்."

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் டிரைவர் கழன்றுகொள்ளலாம். ஒவ்வொரு மாதமும் இந்தக் கறுப்புத் திரை வரலாம். அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தக் கெஞ்சல் மெயில் இன்னும் அனுப்பாமல் கிடந்தது, ஒரு பக்கம் முழுக்க யாருக்கும் புரியாத எழுத்தில். அதைத் திறந்து எல்லாவற்றையும் அழித்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் நான்காகக் கிழித்தாள்.

அடுத்து அம்மா. "தொறந்துடுச்சா? நா சொல்லல? மூணு மணிக்கு ஒரு ஜெபம் பண்ணேன் பாரு, அழுத்தமா. அதான்."

அதற்குள் வாசலில் வாக்கர் தடதடவென்று விழுந்தது. துளசிங்கம் காலைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார். திரையில் சுழன்றுகொண்டிருந்த தெருவைப் பார்த்தார். ஜன்னல் திட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஓடுதா? பாத்தியா மேரி! பழம் வெச்சி அஞ்சு மணி நேரம் ஆவல. நம்புற நம்பல, அது வேற. வேல செய்யுது பாத்தியா!"

நிகிலுக்குச் சிஸ்டம். அம்மாவுக்கு ஜெபம். இவருக்குப் பழம். மூன்று நாள் கட்டிலில் உட்கார்ந்து மூளையைக் கசக்கியவளுக்கு இதில் ஒரு துளி பங்குகூட யாரும் கொடுக்கவில்லை. காலையில் என்றால் கத்தியிருப்பாள். இப்போது தொண்டை வறண்டிருந்தது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓவியா ஸ்கூலிலிருந்து வருகிற நேரம்.

"அண்ணா, அந்த வாக்கர நிமித்திக் குடு" என்றாள். பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னல் திட்டிலிருந்த பழத்தை எடுத்துக்கொண்டு, இரண்டடி எடுத்து வைத்து, சமையல் மேடைக்குப் போனாள். குழாயடியில் குங்குமத்தைத் தேய்த்துக் கழுவினாள். கத்தியால் இரண்டாக வெட்டினாள்.

"அடியே, இன்னா பண்ற! அது பூச பண்ண பழம்!"

அவள் பிழிந்தாள். சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, பானைத் தண்ணீர். மூன்று டம்ளர். ஒன்றை மகளுக்கு மூடி வைத்தாள். ஒன்றை ஒரே மூச்சில் குடித்தாள். மூன்றாவதை அவரிடம் நீட்டினாள்.

துளசிங்கம் டம்ளரைப் பார்த்தார். படியேறி வந்ததில் அவருக்கும் வியர்த்திருந்தது. வாங்கிக் குடித்தார்.

"நல்லாத்தான் கீது" என்றார் தயக்கத்தோடு.

"உங்க எலுமிச்சம்பழந்தாண்ணா" என்றாள் செல்வமேரி. "இப்பதான் வேல செய்யுது."